அறுபத்து நான்காம் ஆண்டு மொடல்

மோர்டென்ஸ்ருட், ஒஸ்லோ
18.09.2005

அன்புள்ள மலருக்கு,

உறையில் என் எழுத்தைக் கண்டதும் மூலையில் போடாமல் திறந்தீர் என்றால் அதுவே பெரிய காரியம். நான் சுகம். முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீரும் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன். சுகமில்லாவிட்டாலும் எனக்குச் சொல்லப்போவதில்லையே.

ரெலிபோனில் கதைத்தால் மூன்றாவது நிமிடம் எங்களுக்குள் சண்டை வந்துவிடுகிறது. போன முறை நீர் ரிசீவரை வைத்த வேகத்தில் எனக்கு ஒரு நாள் முழுக்கக் காது இரைந்தது. நிருஜாதான் சொன்னாள்: "அப்பா, எழுதிப் பாருங்கோ. எழுதேக்கை கத்தேலாது தானே." பத்தொன்பது வயது மகளின் புத்திமதியில் இந்தக் கடிதம்.

செய்தி இதுதான். நான் ஒரு விமானம் வாங்கப்போகிறேன். சிரிக்க வேண்டாம். தனியே இல்லை, பஸ் கராச்சில் என்னோடு வேலை செய்யும் மூன்று நோர்வேக்காரரும் சேர்ந்து. ஒற்றை எஞ்சின், நாலு இருக்கை, நாற்பது வருடத்துக்கு மேல் பழையது. வைகாசியில் எனக்கு ஓட்டும் பத்திரம் கிடைத்ததை நிருஜா சொல்லியிருப்பாள். ஷெல்லர் விமானத் தளத்தில் இருந்து சனிக்கிழமைகளில் வாடகை விமானத்தில் பறக்கிறேன். எஞ்சின் தெரிந்தவன் நான் என்றபடியால் எந்த வருடத்து விமானம் வாங்குவது என்று தீர்மானிக்கும் பொறுப்பை மற்ற மூவரும் என் தலையில் கட்டிவிட்டார்கள்.

பழைய விமானத்துக்கு வருடம்தான் எல்லாம், மலர். ஒரே செஸ்னாக் கம்பனி விமானம்தான். ஒரு வருடம் வால் நிமிர்ந்து நிற்கும், அடுத்த வருடம் பின்னுக்குச் சாய்ந்துவிடும். இறங்கும்போது வேகத்தைக் குறைக்கச் சிறகுக்குப் பின்னால் ஒரு தட்டைக் கீழே விடுவோம், அதற்கு ஃபிளாப் என்று பெயர். முந்திய வருடங்களில் அதை இருக்கைகளுக்கு நடுவே உள்ள கைப்பிடியால் இழுக்க வேண்டும். பிந்திய வருடங்களில் சுவிச் ஒன்றைத் தட்டினால் மோட்டார் இறக்கிவிடும். என் மனதில் இருப்பது 1959. நிமிர்ந்த வால், ஆறு சிலிண்டர், கைப்பிடி. பின்னுக்குக் கண்ணாடி இல்லை, முதுகு முழுக்கத் தகடு. ஆனால் விமானத்தில் பின்னுக்குப் பார்த்து யாருக்கு என்ன வேலை?

ஒரு பை மிளகாய்த்தூள் அனுப்புகிறேன். நானே வறுத்தேன். புகை அலாரம் இரண்டு தரம் அடித்து மேல்வீட்டுச் சனம் முழுக்க இறங்கி வந்துவிட்டது. அங்கே மழை விட்டிருக்காது என்று தெரியும். குடையை மறக்க வேண்டாம்.

என்றும் உம்முடைய,
சோதிலிங்கம்

---

பேர்கன்
09.10.2005

நிருஜாவின் அப்பாவுக்கு,

தூள் கிடைத்தது. கருகியிருக்கிறது. என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை செய்து ஒரே வீட்டில் இருக்கும் அருள்நாயகி ஒரு வாய் வைத்துவிட்டுக் கால் மணித்தியாலம் இருமினாள். இருந்தாலும் நீங்களாக அடுப்பில் நின்று வறுத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி.

உங்கள் கடிதத்தில் ஒரேயொரு கேள்விதான் இருந்தது. விமானத்தில் பின்னுக்குப் பார்த்து யாருக்கு என்ன வேலை என்று. அதையும் பதில் வேண்டிக் கேட்கவில்லை. மழை விட்டதா என்றுகூடக் கேட்காமல் நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள்.

நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று கோயிலில் சனத்திடம் கேட்டுத் திரிகிறீர்களாம். நீங்கள் குடிக்கவில்லை, அடிக்கவில்லை, உழைத்துக் கொட்டினீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் இருபத்தொரு வருடத்தில் ஒரு விஷயமாவது என்னைக் கேட்டுச் செய்தீர்களா? யாழ் என்று பெயர் வைக்க நான் வயிற்றில் பிள்ளையோடு ஒன்பது மாதம் ஆசைப்பட்டேன். அனுஷ நட்சத்திரம், 'நி' எழுத்தில் வைக்க வேண்டும் என்று உங்கள் சபாரத்தினம் மாமா தந்தி அடித்தார். நான் கட்டிலால் எழும்ப முதல் பதிவுக்கந்தோருக்குப் போய்விட்டு வந்து நின்றீர்கள். நிருஜா நல்ல பெயர்தான், அது வேறு கதை.

அந்தச் சோபா. வாங்கப் போவோம் என்று என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனீர்கள். நான் ஒரு மணித்தியாலம் ஒவ்வொன்றாக இருந்து பார்த்து ஒரு நீலத்தைக் காட்டினேன். கடைக்காரன் வந்து, உங்கள் மண்ணிறச் சோபா நாளைக்கு வீட்டுக்கு வரும் என்றான். நீங்கள் முதல் நாளே வாங்கியாயிற்று. என்னைக் கூட்டிக்கொண்டு போனது திரைச்சீலைக்கு நிறம் பார்க்க. அந்தக் கடைக்காரன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

பெப்ரவரி பதினாறோடு நாங்கள் பதிவாகப் பிரிந்து ஒரு வருடம் முடிகிறது. அதற்குப் பிறகு விவாகரத்துக் கடதாசியை ஃபில்கெஸ்மன் என்கிற மாவட்ட அரச கந்தோருக்கு அனுப்பப்போகிறேன். ஒருவர் கையெழுத்துப் போட்டாலே காணுமாம். உங்களைக் கேட்கத் தேவையில்லை.

ராசமலர்

பி.கு.: பின்கண்ணாடி இல்லாத விமானத்தை ஏன் ஒருவன் செய்கிறான்?

---

மோர்டென்ஸ்ருட்
16.10.2005

மலர்,

உம்முடைய கடிதத்தைக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றபடியே வாசித்தேன். சோபாவில் போய் இருக்க மனம் வரவில்லை.

கடைக்காரன் பார்த்தது எனக்குத் தெரியாது. நான் அப்போது திரைச்சீலைப் பக்கம் நின்றேன். உமக்கு வேலை மிச்சம், கரைச்சல் மிச்சம் என்றுதான் எப்போதும் நினைத்தேன். மீன் தொழிற்சாலையில் நாங்கள் ஏழு பேர் ஒரே அறையில் இருந்தபோது யாரும் யாரையும் கேட்டதில்லை, கை வேகமானவன் முடிவெடுத்தான். அந்தப் பழக்கத்தோடேயே குடும்பம் நடத்திவிட்டேன் போல.

இப்போது கேட்கிறேன். கேட்டுப் பழக்கமில்லை, பிழையாகக் கேட்டால் பொறுத்துக்கொள்ளும். மூன்று விமானங்கள் விலைக்கு வந்திருக்கின்றன.

ஹமாரில் ஒருவரிடம் 1959 செஸ்னா. அதைப் பற்றி முன்பே எழுதினேன். வடிவென்றால் அப்படி ஒரு வடிவு. சுவீடன் எல்லையில் 1964 பைப்பர் செரோக்கி. அதற்குச் சிறகு கீழே, வயிற்றோடு ஒட்டியிருக்கும். சிறகின் மேல் ஏறி நடந்துதான் உள்ளே போக வேண்டும், வலப்பக்கம் மட்டும் ஒரு கதவு. மூன்றாவது 1966 செஸ்னா. இரண்டு பக்கமும் கதவு, சுற்றிவரப் பின்கண்ணாடி, மின்சார ஃபிளாப். பின்கண்ணாடி ஏன் முதலில் இல்லை என்று கேட்டீர். எனக்குத் தெரிந்தமட்டில் அதை யாரும் கேட்கவில்லை. கேட்டபிறகு வைத்தார்கள்.

எது உமக்குப் பிடிக்கும்? ஏன் பிடிக்கும்? ஆறுதலாக யோசித்து எழுதும்.

அன்புடன்,
சோதி

---

பேர்கன்
02.11.2005

நிருஜாவின் அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு கிழமையாகக் கைப்பையிலேயே கொண்டு திரிந்தேன். நேற்றுத் தீபாவளிக்கு அருள்நாயகி மோதகம் அவித்தாள். அப்போதும் நான் அந்தக் கடிதத்தை விரித்து வைத்துக்கொண்டு இருந்ததைப் பார்த்து, "பிளேனோ வாங்கப் போறாய், சீலையோ?" என்று கேட்டுச் சிரித்தாள். சிரிக்கட்டும். நூலகத்துக்கு மூன்று தரம் போனேன். ஒவ்வொரு வருடமும் என்ன மாற்றினார்கள் என்று படத்தோடு சொல்லும் தடித்த புத்தகம் ஒன்று இருக்கிறது. எனக்கு இப்போது வாலைப் பார்த்தே வருடம் சொல்ல வரும்.

செரோக்கி வேண்டாம். ஒரு கதவு என்றால் நீங்கள் முதலில் ஏறி உள்ளே நகர வேண்டும், பிறகு நான் ஏறிக் கதவைச் சாத்த வேண்டும். நான் இறங்கினால்தான் நீங்கள் இறங்கலாம். இதை நினைக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கென்று ஒரு கதவு வேண்டும். பிடிக்காவிட்டால் என் பக்கத்தால் நானே திறந்துகொண்டு இறங்குவேன்.

1959-உம் வேண்டாம். வடக்கே மீன் தொழிற்சாலையில் இருந்தோமே, அந்தப் பட்ஸ்ஃபியோர்டில் இருந்து ஒஸ்லோவுக்குக் குடிவந்தது ஞாபகம் இருக்கிறதா? மீன் ஏற்றுகிற வான். நீங்களும் உங்கள் சிநேகிதர் ஜெயரத்தினமும் முன்னுக்கு. நானும் நாலு வயதுப் பிள்ளையும் சாமானோடு பின்னுக்கு, சுற்றிவரத் தகடு. மூன்று நாள். நோர்வேயின் தலையில் இருந்து கால்வரை வந்தேன், ஒரு மலையைக் காணவில்லை. நீங்கள் முன்னுக்கு இருந்து, இஞ்சை ஒரு ஆறு, அங்கை கலைமான் கூட்டம் என்று கத்திக்கொண்டு வந்தீர்கள். எங்கே, எங்கே என்று பிள்ளை அழுதது. பின்னுக்குப் பார்த்து யாருக்கு என்ன வேலை என்று கேட்டீர்களே, பின்னுக்கு இருக்கிறவளுக்கு வேலை இருக்கிறது.

ஆகவே என் தெரிவு 1966. மின்சார ஃபிளாப் உங்களுக்குப் பிடிக்காது என்று தெரியும். மிக்சி இருக்கக் கையால் சம்பல் இடிக்கிற ஆள் நீங்கள். இந்த ஒரு தரம் சுவிச்சைத் தட்டப் பழகுங்கள்.

நீங்கள் கேட்டது எனக்குச் சந்தோஷம். மறைத்து என்ன செய்ய.

மலர்

---

பேர்கன்
20.11.2005

நேற்று நிருஜா ரெலிபோன் எடுத்தாள். பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, சந்தோஷத்தில் சொன்னாள். "அப்பாவுக்கு பிளேன் சரிவந்திட்டுது அம்மா. விஜயதசமி அண்டைக்கே ஐம்பத்தொன்பதுக்கு அச்சாரம் குடுத்திட்டார்."

விஜயதசமி வந்து போய்ச் சில நாள் கழித்துத்தான் நீங்கள் என்னைக் கேட்டு எழுதினீர்கள். எது உமக்குப் பிடிக்கும், ஆறுதலாக யோசித்து எழுதும் என்று.

நான் மழையில் மூன்று தரம் நூலகத்துக்குப் போனேன். திரைச்சீலைக்கு நிறம் பார்க்கத்தான் போயிருக்கிறேன்.

இனி எழுத வேண்டாம். எழுதினால் திறக்கமாட்டேன்.

ராசமலர்

---

மோர்டென்ஸ்ருட்
27.11.2005

மலர்,

திறக்கமாட்டேன் என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன். இதிலும் உம்முடைய சொல்லைக் கேட்கவில்லை. இந்த ஒரு தரம் மன்னித்துக்கொள்ளும்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். விஜயதசமி அன்று ஹமார்க்காரர் ரெலிபோன் எடுத்தார், இன்னொருவர் பார்க்க வருகிறார் என்று. நான் ஐயரைக் கேட்டேன். அவர் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு விட்டால் தை மாதம்வரை வாகனத்துக்குத் தோதான நாள் இல்லை என்றார். நல்ல நாளைத் தவறவிடுகிற பயம். ஐயரைக் கேட்டேன், பஞ்சாங்கத்தைக் கேட்டேன், உம்மைக் கேட்கவில்லை. அச்சாரத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் உம்முடைய சோபாக் கடிதம் மேசையில் கிடக்கிறது. நாலைந்து நாள் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். பிறகு ஒன்றும் நடக்காதவன் போல உம்மைக் கேட்டு எழுதினேன். உமக்கும் ஐம்பத்தொன்பதுதான் பிடிக்கும் என்று நானே நினைத்தேன். பிடிக்காவிட்டாலும் எழுதி எழுதிப் பிடிக்கவைக்கலாம் என்றும் நினைத்தேன். அது கள்ளம், மலர். வேறு பெயர் இல்லை.

மீன் வானைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அந்தப் பயணத்தைப் பற்றி நான் இருபது பேருக்குக் கதை சொல்லியிருப்பேன். அந்தக் கதையில் நீர் எங்கே இருந்தீர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஹமாருக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அச்சாரம் போனால் போகட்டும். கராச்சில் மற்ற மூவருக்கும் விளங்கப்படுத்தினேன். என் மனைவியைக் கேட்காமல் முடிவெடுத்துவிட்டேன், அது செல்லாது என்றேன். இரண்டு பேருக்குக் கோபம். தூர்மூட் என்பவன் மட்டும், தான் இன்னும் தன் மனைவிக்கு விமானம் வாங்குகிற கதையையே சொல்லவில்லை என்றான்.

1966 இதற்கிடையில் விற்றுப்போயிற்று. நீர் சொன்னதையும் சேர்த்து இழந்துவிட்டேன்.

சோதி

---

மோர்டென்ஸ்ருட்
15.01.2006

மலர்,

நேற்றுப் பொங்கல். நிருஜா வந்து பொங்கினாள். பால் கிழக்குப் பக்கம் பொங்கியது என்று நான் சொல்ல, மின்சார அடுப்புச் சாய்ந்திருக்கிறது என்றாள்.

சோபாவைக் கொடுத்துவிட்டேன். பியோர்ண்டாலில் புதிதாக வந்த ஒரு குடும்பம் வந்து தூக்கிக்கொண்டு போயிற்று. வேறு வாங்கவில்லை. தலகாணி ஒன்றைப் போட்டு நிலத்தில் இருக்கிறேன். முழங்காலுக்கு நல்லதில்லைதான், ஆனால் கடைக்குப் போய் நிற்க வெட்கமாக இருக்கிறது.

பெப்ரவரி வருகிறது. நீர் அனுப்புவதை அனுப்பும். நான் குறுக்கே நிற்கமாட்டேன், சனத்திடமும் ஒன்றும் சொல்லமாட்டேன். கேட்டால், பிழை என்னுடையது என்று சொல்வேன்.

உம்மிடம் ஒன்றும் கேட்டு எழுதவில்லை. சுகமாக இரும்.

சோதி

---

பேர்கன்
19.02.2006

இஞ்சாருங்கோ,

உங்கள் இரண்டு கடிதத்தையும் ஒன்றாகத்தான் திறந்தேன், பொங்கலுக்கு அடுத்த கிழமை. பிறகும் ஒரு மாதம் எழுதவில்லை. கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இன்னும் இருக்கிறது.

நூலகப் புத்தகத்தை நான் திருப்பிக் கொடுக்கவேயில்லை. இரண்டு தரம் நினைவூட்டல் வந்துவிட்டது. ஒரு நாள் சாப்பாட்டு இடைவேளையில் சும்மா பக்கத்தைத் தட்டியபோது ஒன்று கண்ணில் பட்டது. பின்கண்ணாடி வைத்தது அறுபத்து மூன்றாம் வருட மொடலில். ஃபிளாப்புக்கு மின்சாரம் போட்டது அறுபத்தைந்தில். அப்படியென்றால் நான் கேட்ட பின்கண்ணாடியும் நீங்கள் விரும்புகிற கைப்பிடியும் சேர்ந்து இருந்தது இரண்டே இரண்டு வருடம். அறுபத்து மூன்று, அறுபத்து நாலு. இவ்வளவு எஞ்சின் படித்த நீங்கள் ஒரு கரையில் ஐம்பத்தொன்பதையும் மற்றக் கரையில் அறுபத்தாறையும் வைத்துக்கொண்டு நடுவில் பார்க்கவில்லை. நானும்தான் பார்க்கவில்லை.

இதை வேலையிடத்தில் சொல்லிச் சிரித்தபோது வொஸ் ஊர்க்காரி ஒருத்தி, தன் அயலில் ஹெல்கா என்று ஒரு அம்மா பழைய செஸ்னா ஒன்றை விற்கிறார் என்றாள். நேற்று நான் தனிய ரயில் ஏறி வொஸ்ஸுக்குப் போனேன்.

ஹெல்காவுக்கு எழுபத்தொரு வயது. விமானம் புருஷனுடையது என்று நினைத்து நான் துக்கம் விசாரித்தேன். அவர் சிரித்தார். ஓட்டியது அவர்தானாம். புருஷன் வலப்பக்கத்தில் இருந்து சுவிங்கம் மென்றுகொண்டு வருவாராம், இப்போதும் வீட்டில் இருந்து மெல்லுகிறாராம். கண் பரிசோதனையில் தவறிவிட்டதால் விற்கிறார். நான் வழக்கப்படி வலப்பக்கம் போக, கையைப் பிடித்து இடப்பக்கம் ஏற்றிவிட்டார். கைப்பிடியை இழுத்தேன். நாலு படி, ஒவ்வொரு படிக்கும் கையில் ஒரு பிடிப்புத் தெரிந்தது. நீங்கள் ஏன் அதை விரும்புகிறீர்கள் என்று அப்போதுதான் விளங்கியது. பிறகு திரும்பிப் பார்த்தேன். பின்கண்ணாடியால் கொட்டகைக் கதவும், வெளியே பனியும், பனியில் நான் நடந்து வந்த கால் அடையாளமும் தெரிந்தன.

அவர் அதை அறுபத்து மூன்று என்றார், பத்திரத்திலும் அப்படித்தான். நான் விடவில்லை. கருவிப் பலகையில் பியூஸ் இல்லை, அதற்குப் பதிலாக அமத்தினால் உள்ளே போகிற குமிழ்கள் இருந்தன. அது அறுபத்து நாலில்தான் வந்தது. செய்து முடித்தது அறுபத்து மூன்று கார்த்திகையில், மொடல் அறுபத்து நாலு. கடதாசியில் ஒரு வருடம், உடம்பில் ஒரு வருடம். பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க மூன்று வயதைக் குறைத்துக்கொண்டு இந்த நாட்டுக்கு வந்த உங்களுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

விசாரித்ததை எழுதி வைக்கத் தாள் தேடினேன். கைப்பைக்குள் இருந்தது அந்த ஃபில்கெஸ்மன் கடதாசி ஒன்றுதான். காலையில் ரயில் நிலையத் தபால் பெட்டியில் போட என்று கொண்டு போனது. கையெழுத்து மட்டும் பாக்கி, பேனை எடுக்க நேரமில்லாமல் ரயில் வந்துவிட்டது. நேரமில்லை என்று எழுதுகிறேன், பத்து நிமிடம் இருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதினேன். இத்தோடு வைத்திருக்கிறேன். எனக்கு அது இனித் தேவையில்லை.

வேறு ஆட்களும் பார்க்க வருகிறார்கள், ஒரு சிறு அச்சாரம் தந்தால் வைத்திருக்கிறேன் என்றார் ஹெல்கா. என்னிடம் காசு இருந்தது. விமானமும் பிடித்திருந்தது. கை பைக்குள் போய்விட்டது. பிறகு வெறுங்கையை எடுத்துவிட்டு, என் கணவரைக் கேட்க வேண்டும் என்றேன். சொல்லிவிட்டு வெளியே போய்ப் பனிக்குள் நின்று அழுதேன். கேட்க வேண்டும் என்று எனக்கு எவ்வளவு சுலபமாகத் தோன்றியது. உங்களுக்கு இருபத்தொரு வருடம் தோன்றவில்லையே என்று அழுதேன். பிறகு, நீங்கள் ஹமாருக்குப் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்ததையும் நினைத்தேன்.

நான் அச்சாரம் கொடுக்கவில்லை. உங்களைக் கேட்கிறேன். இது உங்களுக்குப் பிடிக்குமா?

மலர்

---

மோர்டென்ஸ்ருட்
24.02.2006

என் மலருக்கு,

பிடிக்கும் என்று எழுதக் கை துடிக்கிறது. எழுதமாட்டேன். பார்க்காமல் சொன்னால் அது பழைய சோதி.

பார்க்க வரலாமா? எந்த நாள் உமக்கு வசதி? நீரும் வொஸ்ஸுக்கு வருவீரா, அல்லது நான் தனியப் போய்ப் பார்த்துவிட்டு எழுதவா? இரவு தங்க வேண்டி வந்தால் விடுதி பார்க்கவா? ஒரே கடிதத்தில் இத்தனை கேள்வி நான் வாழ்க்கையில் எழுதியதில்லை. நிருஜா பக்கத்தில் இருந்து எண்ணிக்கொண்டு இருக்கிறாள்.

நீர் அனுப்பிய கடதாசியின் முன்பக்கத்தையும் பார்த்தேன். உம்முடைய வடிவான எழுத்தில் என் பெயர், உம்முடைய பெயர். கீழே வெறுமையாக இருந்த இடத்தைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு திருப்பினேன். எஞ்சின் எத்தனை மணித்தியாலம் ஓடியது, சிறகுக்குள் துரு உண்டா, குளிரில் எங்கே நின்றது, எல்லாம் நானும் கேட்டிருப்பேன். ஒன்று மட்டும் எனக்குத் தோன்றியிருக்காது. பின்னிருக்கையில் கடைசியாக யார் இருந்தது என்று கேட்டிருக்கிறீர். பேத்தி ஒருத்தி, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருப்பாள் என்று பதிலும் எழுதியிருக்கிறீர். அதை வாசித்துவிட்டு அழுதேன். எழுத வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்.

பதிலுக்குக் காத்திருக்கும்,
சோதி

---

பேர்கன்
10.05.2006

என் அன்புள்ள சோதிக்கு,

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதற்கு முகத்தைச் சுருக்க வேண்டாம். இஞ்சை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். எனக்கும் ஒரு நாள் எழுதிப் பார்க்க ஆசை.

ஹெல்கா ரெலிபோன் எடுத்தார். பத்திரமெல்லாம் உங்கள் நாலு பேரின் பெயருக்கும் வந்துவிட்டதாம். நீங்கள் பங்குனியில் வந்து மூன்று மணித்தியாலம் எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றதை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். கடைசியில் வெளியே தலையை எடுத்துக் கை முழுக்க எண்ணெயோடு என்னிடம், "என்ன சொல்லுறீர்?" என்று கேட்டீர்களே, அதை நான் வீட்டுக்கு வந்து அருள்நாயகிக்கு இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன். சித்திரை வருடப்பிறப்பில் அச்சாரம் கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்டதும், நான் ஓம் என்றதும், அதன் பிறகுதான் ஐயரைக் கேட்டதும் எனக்கு நிறைவு. ஐயரும் ஓம் என்றது அவருடைய நல்ல காலம்.

இருபதாம் திகதி சனிக்கிழமை காலநிலை நல்லதென்றால் வொஸ்ஸில் இருந்து ஷெல்லருக்குப் பறப்பதென்று எழுதியிருந்தீர்கள். வருகிறேன். தேசிக்காய் மூன்று வாங்கி வைத்திருக்கிறேன், புறப்பட முதல் நசிக்க, சக்கரத்துக்கு ஒன்றாக. தூர்மூட்டுக்கு முன்பே விளங்கப்படுத்துங்கள், இல்லையென்றால் சக்கரத்துக்கு ஏதோ நோய் என்று நினைப்பான். முன்னுக்கு வலப்பக்கம் நான் இருப்பேன். மலைக்கு மேலே போனதும் ஒரு தரம் பின்னிருக்கைக்குப் போய்ப் பின்னுக்குப் பார்த்துக்கொண்டு வருவேன். நீங்கள் அங்கை ஆறு, இஞ்சை மான் என்று கத்தத் தேவையில்லை. எனக்கே தெரியும்.

இன்னொரு செய்தி. ஆவணியில் தொடங்குகிற ஒரு வேலைக்கு ஒஸ்லோ ஆஸ்பத்திரி ஒன்றில் விண்ணப்பித்தேன். கிடைத்துவிட்டது. உங்களைக் கேட்காமல்தான் போட்டேன். ஒரு தரமாவது அப்படிச் செய்து பார்க்க எனக்கும் ஆசை இருக்காதா? கோபம் வந்தால் எழுதுங்கள், எழுதும்போது கத்த முடியாது.

நீங்கள் இன்னும் நிலத்தில் தலகாணி போட்டுத்தான் இருக்கிறீர்கள் என்று நிருஜா முறையிடுகிறாள். ஆவணிவரை அப்படியே இருங்கள். சோபா மட்டும் வாங்கிப் போடாதீர்கள். நான் வந்து, கடைக்குப் போய், ஒவ்வொன்றாக இருந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன். நீங்களும் பக்கத்தில் இருந்து பாருங்கள்.

உங்கள்,
மலர்